மூன்று விரல் காற்று

கிளிஃபர்ட் ஸ்டப்பிங்ஸுக்கு வாழ்நாள் எதிரி ஒன்றுதான்: இடுக்கில் நுழையும் காற்று. நாற்பது வருடம் பேருந்து ஓட்டியவர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவைத் திறந்து அதை வரவேற்றவரும் அவரே. இங்கிலாந்துக் கடலோரத்துப் பெக்ஸ்ஹில்லில் எங்கள் தெரு முழுக்க, கூரைச் சரிவுக்குள் படுக்கையறையை ஒளித்துவைத்த அறுபதுகளில் கட்டிய சிறு பங்களாக்கள். குளிரைப் பற்றி நாங்கள் முணுமுணுப்போம். அடுத்த வீட்டு கிளிஃபர்ட் போருக்கே போனார்.

காரணம் இருந்தது. மனைவி டோரீனுக்கு ஆஸ்துமா. போன குளிர்காலத்தில் இருமுறை மருத்துவமனை. மூன்றாம் முறை கூடாதென்று அக்டோபரில் கூரைக்குள் தவழ்ந்து, ஓட்டின் அடியிலுள்ள கறுப்புத் தாள் வரை குளிர் தடுக்கும் கண்ணாடிக் கம்பளிப் பஞ்சை அடைத்தார். கூரை சுவரைத் தொடும் இடத்தில் வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தது. அங்கே ஒரு ஸ்வெட்டரைத் திணித்தார்.

வீடு கதகதப்பானது. டிசம்பரில் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பிடித்துச் சுவர் கறுத்தது. இருமலும் திரும்பியது.

கிளிஃபர்ட் ஈரப்பத மீட்டர் வாங்கி மணிக்கொரு முறை பார்த்தார். எண்பத்திரண்டு சதவீதம். கெட்டில் கொதித்தால் ஓடிப்போய் அணைப்பார்.

"உருளைக்கிழங்கு வேகவைக்கலாமா, இல்ல உன் மீட்டரைக் கேக்கணுமா?" என்றார் டோரீன். "மூச்சும் ஈரந்தானாம், கிளிஃப். நிறுத்திடட்டுமா?"

அவர் மீண்டும் மீட்டரைப் பார்த்தார்.

என் கூரையைப் பழுதுபார்த்த கெர்ரியை அனுப்பிவைத்து, நானும் கூடப் போனேன். அவள் கூரைப் பஞ்சுக்குள் கைவிட்டு எடுத்தாள். முழங்கை வரை ஈரம்.

"ஓடு ஒழுகுதா?" என்றார் கிளிஃபர்ட்.

"ஓடு கல்லு மாதிரி இருக்கு. ஒழுகறது நீங்க ரெண்டு பேருந்தான் சார். மூச்சு, டீ, ரேடியேட்டர்ல காயற துணி, எல்லா ஆவியும் மேல ஏறி குளிர்ந்த தாள்ல வேர்க்குது. வெளிய போற வழியை யாரோ ஸ்வெட்டர் போட்டு அடைச்சிருக்காங்க."

"அந்த ஸ்வெட்டரைத்தான் ரெண்டு மாசமா தேடறேன்" என்றார் டோரீன்.

"எடுத்தா குளிர்காத்து வருமே. இவளுக்கு ஆகாது."

"அறைக்குள்ள வராது. பஞ்சுக்கும் தாளுக்கும் நடுவுல மூணு விரல் இடம் விடுங்க, அதுல காத்து ஓடட்டும். கீழ அறைப் பக்கத்து விரிசலை மட்டும் அடைங்க, துணியை வெளிய காயப்போடுங்க."

நனைந்த பஞ்சை கிளிஃபர்டே பிடுங்கினார், ஸ்வெட்டரையும். புதுப் பஞ்சைத் தாளிலிருந்து மூன்று விரல் தள்ளி வைத்தார். திறந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தார்; கடல்காற்று சில்லென்று பட்டது.

ஜனவரியில் மீட்டர் ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. ஒருநாள் காலை அசையாத மூடுபனி. கிளிஃபர்ட் காகிதக் கீற்று ஒன்றோடு கூரைக்குள் ஏறினார், காற்று வருகிறதா என்று பார்க்க. கீழே டோரீன் ஒருமுறை இருமினார். இவர் கையை அசைக்காமல் அடுத்த இருமலுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. காகிதம் மெல்ல நடுங்கியது.