மஞ்சள் சிவந்த ஆயுத பூஜை

பன்னிரண்டு பதிமூன்று வருடங்களுக்கு முன்னால், ராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டியிருந்த ஓர் இறால் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 'எறா கம்பெனி' என்றால்தான் ஆட்டோக்காரருக்கே தெரியும். ஐஸ் தண்ணீரில் கை விறைக்க விறைக்க இறால் உரிப்போம்; வாய் மட்டும் விறைக்காது. மாமியார் கதை, சினிமாக் கதை, ஒருத்தி கொண்டுவந்த வஞ்சிரக் குழம்பில் பத்துப் பேர் கை. நினைத்தால் இப்போதும் மனசு அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது.

இறாலை உறைய வைக்கும் இயந்திரங்களில் அமோனியா ஓடும். அந்த அறைக்குள் எங்களுக்கு அனுமதி கிடையாது. மூச்சில் ஏறினால் நுரையீரல் வெந்துவிடும் என்று ஆபரேட்டர் அண்ணன் மிரட்டி வைத்திருந்தார். ஆயுத பூஜைக்கு மட்டும் கதவு திறக்கும். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மொத்தப் பேரும் உள்ளே நெருக்கியடிப்போம். ஆபரேட்டர் அண்ணன் ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவர். ஆனாலும் பூக்கடை வரை போய் இயந்திரங்களுக்கு மாலை வாங்கி வருவது அவர்தான். குழாய், வால்வு எல்லாவற்றுக்கும் மஞ்சள் குழைத்துப் பூசிப் பொட்டு வைப்பது நாங்கள். சுவரில் தொங்கிய வாயு முகமூடியைக்கூட விடவில்லை. அதன் கண்ணாடியில் பெரிதாகச் சந்தனம் அப்பி, ஒரு முழம் கதம்பமும் சுற்றினோம்.

அந்த வருடம் என் தோழி முழுகாமல் இருந்தாள், ஏழாவது மாதம். ஏறாத கோயில் இல்லை என்று அலைந்து உண்டானவள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். அவள்தான் அதை முதலில் பார்த்தாள். ஒரு வால்வில் பூசியிருந்த ஈர மஞ்சள், குங்குமம் படாத ஓரத்திலிருந்து மெல்லச் சிவந்துகொண்டே வந்தது.

"ஆத்தா வந்துகிறா பாருமே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான், எல்லாரும் வால்வைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் அந்தச் சிவப்பைத் தொட்டு நெற்றியில் வைத்து, வயிற்றிலும் தடவிக்கொண்டாள்.

எனக்கும் புல்லரித்தது. கும்பிடக் கையைத் தூக்கிவிட்டேன். ஆனால் என் புத்தி இருக்கிறதே, நேரங்காலம் பார்க்காமல் குறுக்கே வரும். புகுந்த வீட்டில் ஆரத்தி கரைக்கிற வேலை என் தலையில்தான் விழும். சுண்ணாம்பு குறைந்தால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். "இன்னாடி, சாம்பாராட்டம் கீது" என்று மாமியார் முகத்தைச் சுளிப்பார். மஞ்சள் சும்மா சிவக்காது என்பது எனக்குத் திட்டு வாங்கியே மனப்பாடம்.

"சுண்ணாம்பு யாருமே தடவனது?" என்று கேட்டேன். யாரும் தடவவில்லை.

வாசலில் பூசணிக்காய்க்குள் குங்குமம் திணித்துக்கொண்டிருந்த ஆபரேட்டர் அண்ணன் தலையைத் தூக்கினார். வால்வைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது. சுண்ணாம்பு செய்கிற வேலையை அமோனியாவும் செய்யும் என்று அப்புறம் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். இறால் வாடையில் எங்கள் மூக்கு செத்துப் பல காலம். கண் கரித்ததைச் சாம்பிராணிப் புகை என்று நினைத்துவிட்டோம்.

"கற்பூரம் கொளுத்தாதீங்க! அல்லாரும் பின்பக்கமா போங்க. முந்தானிய நனச்சி மூக்க மூடிக்கினு போங்க. கேட்டு பக்கம் வாணாம், காத்து அங்கதான் போவுது!"

தண்ணீர்த் தொட்டியில் பட்டு முந்தானைகளை முக்கினோம். தோழி மட்டும் நகரவில்லை. "இருண்ணா, தீபம் காட்டிட்டு வர்றேன். ஆத்தாவ வுட்டுட்டு எப்டிண்ணா?" என்றாள். அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வாமே, ஆத்தாதான் போவச் சொல்றா!"

அந்த வார்த்தை எப்படி வாயில் வந்ததோ தெரியாது. அவள் நடந்தாள்.

கடல் பக்கப் படிக்கட்டில் கால் வைத்தபோது உள்ளே 'புஸ்'ஸென்று சத்தம். நாங்கள் நின்றிருந்த இடம் முழுக்க வெள்ளைப் புகை. ஆபரேட்டர் அண்ணன் கையோடு எடுத்து வந்திருந்த முகமூடியின் கண்ணாடியில் நாங்கள் அப்பிய சந்தனத்தைச் சட்டையால் துடைத்து, சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனார். மெயின் வால்வை மூடிவிட்டு வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றினார், கதம்பம் அவர் கழுத்தில் கிடந்தது. தோழி அழுதுகொண்டே சிரித்தாள்.

அடுத்த வருடத்திலிருந்து பூஜை வெளி முற்றத்துக்கு வந்துவிட்டது. முகமூடிக்கு அலங்காரம் கிடையாது. நிறுவனம் அலாரம் பொருத்திய பிறகும், ஆபரேட்டர் அண்ணன் தன் திருப்திக்கு ஒவ்வொரு குழாய் இணைப்பிலும் ஈர மஞ்சள் துணி கட்டிவைப்பார். "உங்க ஆத்தாவ டூட்டில போட்டுக்கிறேன்" என்று எங்களைக் கிண்டல் செய்வார். பிறகு நிறுவனம் இடம் மாறியது. நாங்களும் ஆளுக்கொரு திசையாகப் போனோம். நான் இப்போது எர்ணாவூரில் இருக்கிறேன். ஆயுத பூஜைச் சாம்பிராணி எங்கே மணந்தாலும் அந்த வஞ்சிரக் குழம்புக் கூட்டத்துக்கு மனசு ஏங்குகிறது.

போன மாதம் எம்.கே.பி. நகரில் தோழியின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. ஆரத்தி கரைக்க என்னைத்தான் கூப்பிட்டாள். சுண்ணாம்பு விழுந்ததும் தட்டில் மஞ்சள் குபுக்கென்று சிவந்தது. தோழி பின்னாலிருந்து என் முந்தானையை இழுத்து, "வாமே, ஆத்தா போவச் சொல்றா" என்று காதில் கிசுகிசுத்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை, கண்ணீரையும்தான். அன்றைக்கு அந்த வால்வில் வந்தது ஆத்தாவா அமோனியாவா என்ற பஞ்சாயத்து எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. ஆனால் கும்பிடத் தூக்கிய கையைப் பாதியில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டதால்தான், நான் ஆரத்தி சுற்ற ஒரு பெண் குழந்தை வெட்கப்பட்டுக்கொண்டு என் எதிரே நின்றாள்.