எடுக்காத இரண்டாவது ஸ்கேன்

‘வலது முழங்கால்: தொடை எலும்பின் கீழ்முனையில் ரத்த ஓட்டம் நின்ற பகுதி. மேற்பரப்பு இன்னும் அமிழவில்லை.’ மூன்று வருடங்களுக்கு முன், தவக்காலத்தின் இரண்டாம் வாரம், சிதம்பரத்தில் எடுத்த என் மனைவியின் எம்.ஆர்.ஐ. அறிக்கையைத் தமிழில் சொன்னால் இதுதான்.

டாக்டர் திரையில் ஒரு திட்டைக் காட்டினார். வலி கொஞ்சம்தான். ஆனால் திட்டின் அளவையும், அது உடம்பின் பாரம் விழும் இடத்தில் இருப்பதையும் பார்த்தால், ஒன்றிரண்டு வருடத்தில் எலும்பு அமிழ்ந்துபோக வாய்ப்பு அதிகம் என்றார். முட்டி போடக் கூடாது, குந்தக் கூடாது. அடுத்த வருடம் இன்னொரு ஸ்கேன். திட்டு பெரிதாகவில்லையென்றால் கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம்.

கடலூர் திரும்பும் பஸ்ஸில் அவள் சொன்னாள்: “நாம என்னிக்குப் போவோம்னு ஆண்டவரே சொல்லல. இவரு படத்தப் பாத்து என் முட்டிக்கு நாள் குறிச்சிட்டாரு.”

பெரிய வெள்ளியன்று எங்கள் கோவில் வாசலிலிருந்து பீடம்வரை பலர் முழங்காலிலேயே நகர்ந்துபோய்ச் சிலுவையில் உதடு பதித்து முத்தி செய்வார்கள். சிறுமியாக இருந்த நாளிலிருந்து அவள் ஒரு வருடமும் தவறியதில்லை. அந்த வருடம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் அவளைக் கடந்துபோன என் தங்கை, “அண்ணி மகாராணி ஆயிட்டாங்க” என்றாள்.

“போடி. எனக்கும் சேத்துத் தேய்ச்சிட்டு வா.”

பங்குச் சாமியார் சிலுவையை அவளிடமே கொண்டுவந்தார். முத்தி செய்தவள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும், “ஏங்க, அடுத்த ஸ்கேன் நல்லா வந்தா வாசல்லேர்ந்தே போவேன். தடுக்கக் கூடாது” என்றாள். தடுக்க மாட்டேன் என்றேன்.

அதற்காகவே டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டாள். மீன் ஆயக்கூட ஸ்டூல் போட்டுக்கொண்டாள். பொங்கல் கழிந்து ஸ்கேனுக்கு நாள் வாங்கியிருந்தோம். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், மதியம் சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

அடுத்த பெரிய வெள்ளிக்கு வாசலிலேயே நான் முட்டி போட்டேன். எப்போதும் நடந்தே போகிறவன். பாதி தூரத்தில் கால் எரிந்தது. “எழுந்து நடந்து வாண்ணா. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க” என்று பக்கத்தில் வந்த தங்கை மெல்லச் சொன்னாள். எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.

டாக்டரை நான் குறை சொல்லவில்லை. முட்டியைப் பற்றிக் கேட்டோம், முட்டியைப் பற்றிச் சொன்னார். வீட்டில் நடப்பதையெல்லாம் ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு. அவள் பக்கத்தை மட்டும் இப்படித்தான் முடிக்க முடிந்தது: அடக்கம் செய்த அன்று அந்த எலும்பு அமிழ்ந்திருந்ததா, அவளால் வாசலிலிருந்து பீடம்வரை போயிருக்க முடியுமா என்பது சரிபார்க்கப்படவில்லை.