தூரமானவள் போட்ட உப்பு

பிரான்சின் மோர்வான் மலைப்பக்கத்தில் பன்றி அறுக்கும் நாளன்று, வேலைக்குக் கூடும் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி முதலில் கேட்பது இதைத்தான்: "நீ உப்புத் தொடலாமா?" தூரமானவள் கை பட்டால் வருடச் சாப்பாட்டுக்கென்று உப்பிட்டுத் தொட்டியில் போட்ட இறைச்சி அழுகிவிடுமாம். தொடலாம் என்பவள் உப்புப் போட நிலவறைக்குப் போவாள். தொடக்கூடாது என்பவள் முற்றத்துக் குளிரில் குடல் கழுவுவாள். குடல் கழுவ மட்டும் எந்தத் தீட்டும் கிடையாது, பாருங்கள்!

ஒக்தாவி வாழ்க்கைப்பட்ட வீட்டில் போன வருடம் அவள் உப்புப் போட்ட தொட்டி முழுவதும் கெட்டுப்போனது. அந்த டிசம்பரில் குளிரே இல்லை. போதாததற்கு அவள் கணவன் கஸ்தோன் உப்பில் கஞ்சத்தனம் பார்த்தான். ஆனால் மாமியார் ஃபிலோமென் ஊரெல்லாம் சொன்னது வேறு: "என் மருமக தூரத்த மறைச்சுட்டுக் கைய வச்சுட்டா." அன்று அவளுக்குத் தூரமே இல்லை. யார் கேட்டார்கள்? கிறிஸ்துமஸுக்கு வெறும் முட்டைக்கோஸ். வசந்தம் வரும்வரை உருளைக்கிழங்கு. மாதா கோயில் பூசைக்குப் போனால் பெண்கள் அவள் முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தார்கள்.

இந்த வருடம் பன்றி அறுத்த காலையில் அவளுக்கு உண்மையாகவே வந்துவிட்டது. வாளியில் ரத்தம் உறையாமல் கலக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சேலி, வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"எனக்குத் தூரம்," என்றாள் ஒக்தாவி, முற்றத்து ஆண்களுக்கும் கேட்கும்படி. "நாந்தான் உப்புப் போடப் போறேன்."

ஃபிலோமென் ஓடி வந்தாள். "பைத்தியமாடி பிடிச்சிருக்கு? வருஷச் சாப்பாடுடி! பிள்ளைங்க வாயில மண்ணப் போட்றாத!"

"செய்யாததுக்கு ஒரு வருஷமா கெட்ட பேர் வாங்கிட்டேன் அத்தை. இந்தத் தடவ செஞ்சுட்டே வாங்கிக்கிறேன்."

"கெட்டுப்போச்சுன்னா?"

"எங்க அம்மா வீட்டுக்குப் போயிடறேன். வேற மருமக பாத்துக்கோங்க."

கஸ்தோன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ போய் உப்பு மூட்டையத் தூக்கிட்டு வா," என்றாள் அவள். "போன வருஷம் மாதிரி கிள்ளிக் கிள்ளிப் போடறதெல்லாம் வேணாம். முழு மூட்டை!" அவன் தூக்கி வந்தான்.

எலும்பை ஒட்டிய இடமெல்லாம் விரல் விட்டு, உள்ளங்கை எரிய எரியத் தேய்த்தாள். மிளகும் பூண்டும் தூவி அடுக்கினாள். பிறகு பயமில்லாமலா இருந்தது? தினமும் நிலவறைக்கு இறங்கி மூடியை முகர்ந்து பார்த்தாள். சண்டை போடும்போது இருந்த தைரியம் அந்தப் படிகளில் இருக்காது.

கிறிஸ்துமஸ் மதியம் எல்லார் முன்னாலும் தொட்டியைத் திறந்தார்கள். இறைச்சி ரோஜா நிறத்தில் கெட்டியாக இருந்தது. முட்டைக்கோஸோடு வெந்து மேசைக்கு வந்ததும் பிள்ளைகள் தட்டைத் தட்டினார்கள். சேலி இரண்டாம் முறை வாங்கிக்கொண்டாள். ஃபிலோமென் மட்டும் மெதுவாக மென்றாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "அப்ப அன்னிக்கு உனக்குத் தூரமே இல்ல. வீம்புக்குச் சொல்லியிருக்க."

கெட்டாலும் குற்றம், கெடாவிட்டாலும் குற்றம். ஒக்தாவி கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீங்க கல்யாணமாகி வந்ததுலேருந்து நான் வர்ற வரைக்கும் ஒரு வருஷம்கூட விடாம நீங்கதானே உப்புப் போட்டீங்க அத்தை? அத்தன வருஷத்துல ஒரு தடவகூடவா உங்களுக்கு அன்னிக்குன்னு பாத்து வரல?"

சேலிக்குப் புரையேறியது. ஆண்கள் தட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். ஃபிலோமெனின் முகம் காது வரை சிவந்தது.

"கொழுப்புடி உனக்கு," என்றாள் கடைசியில். காலித் தட்டை ஒக்தாவி பக்கம் தள்ளினாள்.

ஒக்தாவி கரண்டியைத் தேடவில்லை. நல்ல கொழுத்த துண்டாகப் பார்த்து, தன் கையாலேயே எடுத்து வைத்தாள். ஃபிலோமென் அதைச் சாப்பிட்டாள்.