தெர்மாகோல் துறைமுகத்துக்கு ரெண்டு விளக்கு

எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கிறவங்களுக்கு இடி மின்னல்கூட பயமில்லை, ஸ்கூல் புராஜெக்ட் சீசன்தான் பயம். ராயபுரத்துல பதினோரு வருஷமா கடை வச்சிருக்கேன். என்னைப் போல கவுன்டர்ல நின்னு தொண்டைத் தண்ணி வத்தினவங்களுக்கு இது புரியும்.

வெட்டின கம்பி

காசிமேட்டுல வலை தைக்கிற அந்தோணி அண்ணன் வந்தார். ஏழாவது படிக்கிற மக ஸ்டெல்லா தெர்மாகோல்ல துறைமுகம் செஞ்சிருக்கா. கடல்லேர்ந்து போட்டுங்க நுழையற வாசல்ல சிவப்பு ஒண்ணு, பச்சை ஒண்ணு எரியணும். ரெடிமேடா வாங்கிக்கோங்கன்னு டீச்சர் சொன்னதுக்கு, எங்கப்பாவே செய்வாருன்னு கிளாஸ் முன்னாடி சொல்லிட்டு வந்துட்டா.

இவருக்கோ டார்ச்லைட்டுக்கு செல் போடறதைத் தவிர ஒண்ணும் தெரியாது. எல்.இ.டி., ரெசிஸ்டர், பேட்டரி, வயர் எல்லாம் குடுத்து, எல்.இ.டி.யில நீளக் கம்பி பிளஸ், குட்டைக் கம்பி மைனஸ்னு மூணு தடவை சொன்னேன். சாயங்காலமே எரியலன்னு வந்து நின்னார். பார்த்தா, ரெண்டு கம்பியும் ஒரே அளவு! வலையில முடிச்சு போட்டதும் மிச்ச நூலை நறுக்கிப் பழகின கை. ஏண்ணே வெட்டினீங்கன்னு கேட்டேன்.

"ஒண்ணு மட்டும் நீட்டிகினு இருந்துச்சு. பாக்க கலீஜா கீதுமா, அதான்."

அவுராத முடிச்சு

வேற எல்.இ.டி. குடுத்தனுப்பினேன். மறுநாளும் எரியலை. வயர் மேல இருக்கிற பிளாஸ்டிக்கை உரிக்காமலே வலை முடிச்சு போட்டு இறுக்கி வச்சிருக்கார் மனுஷன். யானை இழுத்தாலும் அவுராது, ஆனா கரண்டு எப்படிப் போகும்? எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! விடிஞ்சா பத்து மணிக்குக் கண்காட்சி. ரெடிமேட் செட் ஒண்ணை எடுத்து நீட்டினேன். தொடக்கூட இல்லை.

"எம்பொண்ணு எம்பேரச் சொல்ட்டு வந்துகீது. நாளைக்குக் காலையில இங்கியே வந்து நானே செய்யறேன். நீ பக்கத்துல நின்னு திட்டு."

ஒன்பதேகால்

அப்பாவும் மகளும் துறைமுகத்தோட கடைக்கு வந்தாங்க. நான் திட்டத் திட்ட அவரே உரிச்சார், முறுக்கினார், டேப் சுத்தினார். ஒன்பதேகாலுக்கு ரெண்டும் எரிஞ்சுது. ஸ்டெல்லா குதிச்சா. நானும் அப்பாடான்னு உக்காந்தேன்.

அவர் மட்டும் குனிஞ்சு, கடல் பக்கத்துலேர்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். முகம் மாறிடுச்சு. உள்ள வர்றப்போ இடது பக்கம்தான் சிவப்பு இருக்கணுமாம், இங்க பச்சை இருக்காம். டேப்பைப் பிரிக்க ஆரம்பிச்சுட்டார். ஸ்டெல்லா, விடுப்பான்னு அழறா. ஜட்ஜுக்கு இதெல்லாம் தெரியவா போகுது, கையை எடுங்கண்ணேன்னு கத்தினேன். எடுக்கலை. பிரிக்கிறப்போ ஒரு வயர் அறுந்து, ரெண்டுமே அணைஞ்சுபோச்சு. புது வயர் ஒண்ணை வெட்டி அவர் கையில குடுத்தேன்.

ஒன்பது அம்பதுக்கு இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை எரிஞ்சுது. மகளை ஆட்டோவுல ஏத்தி, துறைமுகத்தை அவ மடியில வச்சுட்டு, என் பக்கம் திரும்பினார்.

"ஜட்ஜு கரையிலதாம்மா நிப்பாரு. போட்ல வர்றவன் இந்த ரெண்டு லைட்டை நம்பித்தான் உள்ள வர்றான்."

அன்னியிலேர்ந்து சிவப்பும் பச்சையும் கேட்டு யார் வந்தாலும் எந்தப் பக்கம் எது வைக்கப் போறீங்கன்னு கேட்டுத் தொலைக்கிறேன், பாதிப் பேர் இந்தப் பொம்பளைக்கு என்ன ஆச்சுன்னு முறைச்சுட்டுப் போறாங்க.