எதிர்க்கரைக்காரி

அன்புசெல்விக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஆபீசில் எல்லாரும் சொல்வார்கள். அவளும் மறுத்ததில்லை. தவளக்குப்பம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். புதுச்சேரியில் ஆறுகளைக் கவனிக்கும் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலைப் பொறியாளர். பெண்பிள்ளையை ஆற்றில் இறக்குவதா என்று முதலில் வரைபட மேசையில் உட்கார வைத்தார்கள். ஒரே மாதத்தில் சுடிதாரை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு சங்கராபரணி ஆற்றில் இறங்கிவிட்டாள்.

2005 மழையில், வில்லியனூருக்குக் கீழே ஆறு வளைகிற இடத்தில் கரை பொலபொலவென்று சரிந்தது. வளைவின் வெளிப்பக்கம் புதிதாக மனை போட்டு விற்ற இடம். கடைசி வரிசை மனைகளில் பாதி ஆற்றோடு போயிற்று. எதிர்க்கரையில் மணல்மேடு, அதற்குப் பின்னால் கத்தரியும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் விளைகிற நிலங்கள்.

அன்புசெல்வி இரு கரையிலும் இரும்புக் கம்பிகளை அடித்து வைத்தாள். மண் கரையக் கரையக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் போய் அளந்தாள். ஆற்றடி மணலை அள்ளிவந்து சலித்துப் பார்த்தாள். மனைப் பக்கத்துக் கரையைச் சரிவாக வெட்டி, கரையை ஒட்டியே கல் பதிக்க வேண்டும், கடைசி வரிசையை ஆற்றுக்கு விட்டுவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள்.

மனை விற்றவருக்கு மேலே ஆள் இருந்தது. ஆற்றுக்குள் நீட்டிக் கருங்கல் தடுப்பு கட்ட முடிவாயிற்று. செயற்பொறியாளர் ராஜாங்கம் அவளைக் கூப்பிட்டார்.

"எதிர்க்கரைக்குப் பாதிப்பு இல்லன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போடும்மா."

"பாதிப்பு இருக்கு சார். தண்ணிய இந்தப் பக்கம் முட்டித் திருப்பினா அது எங்க போவும்?"

"நீ யாருக்கு வேலை செய்யற? எதிர்க்கரைக்கா?"

"ரெண்டு கரைக்கும்தான் சார் சம்பளம் வாங்கறேன்."

"போடலன்னா ஏனாம் போவ."

"அங்கயும் ஆறுதான சார் ஓடுது?"

வாய் பேசிவிட்டது. ஏனாம் ஆந்திராவுக்குள் எங்கோ தூரத்தில் கிடக்கிற புதுச்சேரித் துண்டு. பெண் குழந்தைக்கு அப்போது நான்கு வயது. கணவன் பாலகுருவுக்குப் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வேலை; அதை விட்டுவிட்டுக் கூட வர முடியாது.

"போட்டுட்டுத்தான் போயேன், எல்லாரும் போடறாங்க" என்றான்.

"எல்லாரும் போடறதாலதான் கரை நிக்க மாட்டேங்குது" என்றாள்.

வேறொருவர் கையெழுத்துப் போட்டார். பெரிய அதிகாரிகள் இடத்தைப் பார்க்க வந்த அன்று எதிர்க்கரை விவசாயிகளும் திரண்டு வந்திருந்தார்கள். அவர்களில் அம்மாவாசை என்பவர் நேராகக் கேட்டார்: "கல்லு போட்டா எங்க பக்கம் தண்ணி திரும்புமாங்க?"

"ஒண்ணும் ஆவாது" என்றார் ராஜாங்கம்.

"திரும்பும்ண்ணே" என்றாள் அன்புசெல்வி.

எல்லாத் தலைகளும் திரும்பின. ராஜாங்கம் பல்லைக் கடித்தார். அவள் நிறுத்தவில்லை. சரிந்த கரையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைக் காட்டி, இந்த வேகம் எதிர்ப்பக்கம் போய் மோதினால் மணல்மேடு எத்தனை மழைக்குத் தாங்கும் என்று அதிகாரிகளையே கேட்டாள்.

கல் லாரி வந்த அன்று அம்மாவாசையும் ஊராரும் வழியில் உட்கார்ந்தார்கள். பெண்கள் அங்கேயே சோறாக்கினார்கள். அந்த வாரமே அவளுக்கு ஏனாம் உத்தரவு வந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஆபீசில் அவளுக்கு எதிர்க்கரைக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஊரார் வழியை விடவில்லை; நீட்டல் தடுப்பு கடைசிவரை கட்டப்படவில்லை. அவள் எழுதிக் கொடுத்தபடியே கரையைச் சரித்து ஒட்டியே கல் பதித்தார்கள். கடைசி வரிசை மனைகள் போனது போனதுதான். அவள் பெயரை யாரும் சொல்லவில்லை.

மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்தாள். கடைத்தெருவில், ஓய்வு பெற்றிருந்த ராஜாங்கம் எதிர்ப்பட்டார்.

"உன்னால என் பேரு கெட்டுச்சும்மா."

"நிலம் கெடலயே சார்" என்று சொல்லிவிட்டுக் காய் வாங்கப் போனாள்.

இன்றும் கையெழுத்துக்கு ஃபைல் வந்தால், இரு கரையையும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்கிறாள். அதனால் அவளிடம் வருகிற ஃபைல்கள் குறைவு. அவளுக்கு அதில் வருத்தமில்லை.