ராகேலின் ஒப்பு

மஸ்கட் ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக நைட் டியூட்டி பார்த்துக் கழக்கூட்டத்தில் ராகேல் வாங்கியது அந்த ஃப்ளாட். கணவர் யோசுவா அதை ‘என் ஃப்ளாட்’ என்பார். பத்திரம் தன் பெயரில் இருப்பதை அவள் சொல்லிக்காட்டியதில்லை.

குடியிருப்போர் சங்கத்துக்கு யோசுவாதான் தலைவர். வளைகுடாவில் இருக்கும் ஃப்ளாட்காரர்களின் சாவிகளெல்லாம் அவரிடம். குழாய் ஒழுகினால் போன் செய்து சொல்வார். தேர்தல் வந்தால் அவர்களுக்குப் பதிலாக ஓட்டுப் போடும் அதிகாரச் சீட்டான பிராக்ஸியும் அவருக்கே வரும். ராகேலின் பிராக்ஸி அடுப்படியிலேயே கிடைத்துவிடும். அவர் கையெழுத்துக் கேட்டதும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஒப்பிடுவாள்.

ஞாயிறுகளில் சர்ச் முடிந்ததும் கிளப் அறையில் வேலைக்காரப் பெண்களுக்கும் வாட்ச்மேன்களுக்கும் அவள் பிரஷர் பார்ப்பாள். போன வருஷம் ஒரு ஞாயிறு அறை பூட்டிக் கிடந்தது. வெளியாட்களுக்கு இடமில்லை என்று பொதுக்குழுவில் தீர்மானமாம். ஆதரித்து விழுந்த ஓட்டுகளில் அவளுடையதும் ஒன்று. போட்டது யோசுவா. அதன்பிறகு அவருக்கான சாப்பாட்டுத் தட்டை மேஜையில் வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள்.

அதே கூட்டத்தில் யோசுவா ஒரு விதியும் கொண்டுவந்தார். ஃப்ளாட் தன் பெயரில் இல்லாதவர் உரிமையாளரின் பிராக்ஸியோடுதான் கூட்டத்தில் உட்காரலாம், அடுத்தவர்களின் பிராக்ஸியையும் வாங்கலாம். உரிமையாளரே வந்துவிட்டால் அவர் கையிலிருக்கும் பிராக்ஸி எதுவும் செல்லாது. தன் அப்பா பெயரிலிருந்த ஃப்ளாட்டில் குடியிருந்த, யோசுவாவுக்குப் போட்டியான மஹேஷை ஒழிக்கச் செய்த விதி. மஹேஷ் ஃப்ளாட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு இந்த முறை அவரை எதிர்த்து நின்றான்.

தேர்தலன்று காலை ராகேல் வழக்கம்போல் பிராக்ஸியில் ஒப்பிட்டாள். அவர் இறங்கிப் போனதும் அடுப்பை அணைத்துவிட்டு, சேலை மாற்றி, பின்னாலேயே போனாள். தேர்தல் நடத்த வந்த சேஷனிடம் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

“நீ எந்தினு வந்தே? அடுப்பில மீன் கெடக்கு,” என்றார் யோசுவா.

“அணைச்சிட்டுதான் வந்தேன்.”

சேஷன் கண்ணாடியைக் கழற்றினார். “ஓனரே வந்தாச்சு. உம்ம கையில இருக்கறது ஒண்ணும் செல்லாது. நீர் எழுதின ரூல்தான் ஓய்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யோசுவா குனிந்து, “வீட்டுக்குப் போ பிள்ளே. மானம் போவுது,” என்றார்.

“உங்களுக்க ஃப்ளாட்தானே. நீங்க போங்க.”

யோசுவா எழுந்தார். மஹேஷ் பக்கத்து நாற்காலியைக் காட்டி, “இரிக்கணும் ஆன்ட்டி,” என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

“கிளப் அறைச் சாவிய வச்சிட்டுப் போங்க,” என்றாள் யோசுவாவிடம்.

வளையத்தில் சாவிகள் நெருக்கிக் கிடந்தன. அதைக் கழற்ற யோசுவாவுக்கு நகம் பற்றவில்லை. யாரும் உதவிக்கு எழவில்லை. ராகேல் கையை நீட்டியபடியே நின்றாள்.