நிழலில் நின்றவன் நான்

இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகளோடு ஊர் ஊராகப் போய் வரலாறு சொல்லும் வழிகாட்டி நான். தொண்ணூறுகளில் ஒரு மார்ச் மாதம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைத் திருவண்ணாமலைக் கோயிலுக்கு அழைத்து வந்தேன். பேருந்து தாமதமானதால் உச்சி வெயிலில்தான் உள்ளே நுழைந்தோம்.

கோபுர நிழலில் நின்று, கல்வெட்டைக் காட்டிப் பேச ஆரம்பித்தேன். எதிரே வெயிலில், வெறுங்காலோடு பிள்ளைகள். காலை மாற்றி மாற்றித் தூக்கினார்கள்.

"ஆடாம நில்லுங்க! சார் சொல்றத எழுதுங்க!" என்று அதட்டினார் கூட வந்த ஆசிரியர். "ரெண்டே நிமிஷம்" என்றேன் நானும். கால் மணி நேரம் பேசினேன்.

பிராகாரம் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஒரு சிறுமியின் உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினார். கொப்புளம்.

"கண்ணு இல்லையாய்யா உனக்கு? நீ மட்டும் நெழல்ல நின்னுக்கினு கத சொல்றியே!"

ஆசிரியரோ, "கோயிலுக்கு வந்தா இதெல்லாம் பொறுத்துக்கணும்" என்றார், ஷூவைக் கழற்றியும் சாக்ஸைக் கழற்றாத அந்த மனிதர். அவர் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. என் மேல் வந்தது அதைவிட அதிகம்.

இப்போதெல்லாம் பிள்ளைகளை நிழலில் உட்கார வைத்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன். வெயிலில், வெறுங்காலோடு நிற்பது நான். கால் சுட்டதும் பேச்சு தானாகவே முடிந்துவிடுகிறது.